பாதையை விட்டு இறங்கும் வண்டி

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பண்ணை ஒலிபரப்பில் என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். லைசென்ஸ், ஹெல்மெட், வேகக் கட்டுப்பாடு இவையெல்லாம் போக்குவரத்துத் துறையினர் சொல்ல வேண்டிய சங்கதிகள். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது தார் முடிகிற இடத்தில் தொடங்குகிற பயணம். வயல், வரப்பு, ஏரியின் உள்வாய், வரத்துக்கால், மேய்ச்சல் புறம்போக்கு, மலைச்சரிவு, கடற்கரை மணல் இங்கெல்லாம் இப்போது டிராக்டர் போகிறது, டிப்பர் போகிறது, அறுவடை இயந்திரம் போகிறது, ஜீப் போகிறது, இளவட்டங்களின் மோட்டார் சைக்கிளும் போகிறது. சாலையில் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஊருக்கு ஊர் டிரைவிங் பள்ளி இருக்கிறது. சாலை இல்லாத இடத்தில் எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. பையன் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். யாரைப் பார்க்கிறானோ அவர் செய்கிற தப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான்.

முதலில் நம் வயலுக்கே வருவோம்.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும். டிராக்டர்காரர் வாசலில் வந்து நிற்பார். "அண்ணே, இன்னிக்கு விட்டா இன்னும் பத்து நாளைக்கு வண்டி கிடைக்காது. ஒரு ஓட்டு ஓட்டிடட்டுமா?" என்பார். ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே என்ற எண்ணம் அவருக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். இருந்தாலும் வண்டி வயலில் இறங்கிவிடும். ஒரு நடைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். மேலே ரோட்டவேட்டர் ஓடியதும் சக்கரத் தடம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் ஒரு சாண் ஆழத்தில் அந்தத் தடம் அப்படியே இருக்கும், அடுத்த போகத்திலும் இருக்கும்.

காரணத்தைச் சொல்கிறேன். நல்ல விளைநிலத்து மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம்தான் மண். மீதி இடமெல்லாம் காற்றும் நீரும் தங்குகிற சின்னச் சின்னத் துளைகள். வேர் இறங்குவதும், மழைநீர் உள்ளே போவதும், மண்புழு நடமாடுவதும் இந்தத் துளைகளின் வழியாகத்தான். காய்ந்த மண் பாரத்தைத் தாங்கும், ஏனென்றால் மண்கட்டிகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். ஈரம் ஏறிய மண்ணில் நீரே எண்ணெய் போட்டது மாதிரி வேலை செய்கிறது. கட்டிகள் வழுக்கி, ஒன்றின் மேல் ஒன்று அமுங்கி, துளைகள் அடைபட்டுப் போகின்றன. மண் எடை கூடவில்லை, குறையவில்லை. உள்ளே இருந்த காலி இடம் போய்விட்டது. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் பயிருக்கு அதுதான் எல்லாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே தடத்தில் வண்டி பத்து தடவை போனால் பத்து மடங்கு கெடுதல் என்று நாம் கணக்குப் போடுகிறோம். மண் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. மொத்த இறுக்கத்தில் பெரும்பகுதி முதல் நடையிலேயே வந்துவிடுகிறது. அடுத்தடுத்த நடைகள் கூட்டுவது கொஞ்சம்தான். ஆகவே வயல் முழுக்க இஷ்டத்துக்கு வளைய வருவதுதான் மிகப் பெரிய கெடுதல். எரு இறக்கும் டிரெய்லரோ, வாழைத்தார் ஏற்றும் வண்டியோ, கரும்பு லாரியோ, எதுவானாலும் வயலுக்குள் இன்ன வழியாக வந்து இன்ன வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒரு தடத்தை ஒதுக்கிவிடுங்கள். அந்தத் தடம் கெட்டால் கெடட்டும். மிச்ச நிலம் பிழைக்கும். ஆஸ்திரேலியாவில் பெரிய பண்ணைக்காரர்கள் எல்லா இயந்திரத்துக்கும் சக்கர இடைவெளியை ஒன்றாக்கி, வருஷா வருஷம் அதே தடத்தில் மட்டும் ஓட்டுகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நான்கு முளைக்குச்சியும் ஒரு கயிறும் போதும்.

பாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 40, 50 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றின் எடை ஏறக்குறைய 2 டன். அதில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. "அந்தக் காலத்தில் மாடும் மிதித்ததே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாட்டுக் குளம்பு சின்னது. ஒரு சதுர அங்குலத்துக்குக் கணக்குப் பார்த்தால் குளம்பின் அழுத்தம் டிராக்டர் டயரின் அழுத்தத்துக்குக் குறைந்ததில்லை, கூடுதலாகக்கூட இருக்கும். ஆனால் மாட்டின் மொத்த எடை குறைவு. அதனால் அந்த அழுத்தம் மேல் மண்ணோடு நின்றுவிடும், அடுத்த உழவில் சரியாகிவிடும். ஓர் அச்சுக்கு 5, 6 டன் என்று பாரம் ஏறினால், ஈரத்தில் அது உழவு போகாத ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே உட்கார்ந்த இறுக்கத்தை எந்தக் கொழுவும் தொடுவதில்லை. மேல்மண்ணின் இறுக்கம் டயரில் உள்ள காற்றைப் பொறுத்தது, அடிமண்ணின் இறுக்கம் அச்சின் மேலுள்ள மொத்தப் பாரத்தைப் பொறுத்தது என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் டயர் காற்றில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிராக்டர் பின் டயருக்கு வயல் வேலையின்போது 12 முதல் 14 பவுண்டு காற்று பொதுவாகப் போதும். சாலையில் பாரம் இழுக்கும்போது கூடுதலாக வேண்டும். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இரண்டு கணக்கும் இருக்கும். நம் ஊரில் என்ன நடக்கிறது? சாலைக்கு அடித்த கல் மாதிரியான காற்றோடு அப்படியே வயலில் இறங்குகிறோம். டயர் தட்டையாகப் பரவி நிற்காமல், விளிம்பு போல மண்ணை வெட்டிக்கொண்டு போகிறது. சக்கரம் சுழலுகிறது, டீசலும் வீணாகிறது. ஒரு காற்றழுத்த மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. ஒன்று மட்டும் கவனம். வயலுக்காகக் காற்றைக் குறைத்த வண்டியை அப்படியே பாரத்தோடு சாலையில் வேகமாக ஓட்டக்கூடாது. டயர் சூடேறிக் கிழியும்.

சரி, ஈரம் பதமா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? மேல்மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தால் போதாது. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுங்கள். உள்ளங்கையில் வைத்துத் திரி உருட்டுவது போல் உருட்டுங்கள். விளக்குத்திரி கனத்துக்கு நூலாக நீண்டு வந்தால், வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். திரியாக வராமல் உதிர்ந்து உதிர்ந்து போனால் இறக்கலாம். இதைப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. களிமண் நிலத்துக்கும் கரிசலுக்கும் இது அருமையான சோதனை. வெறும் மணற்சாரி நிலத்தில் திரி எப்போதுமே வராது, அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

ஏற்கெனவே அடிமண் இறுகிப் போன நிலங்களுக்கு உளிக்கலப்பையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெகுகாலமாகப் பரிந்துரைத்து வருகிறது. அரை மீட்டர் இடைவெளியில், முக்கால் முழத்துக்கும் கூடுதலான ஆழத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். கூடவே ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் இட வேண்டும். இதைச் செய்ய வேண்டிய சமயம் கோடை, அடிமண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது. ஈரத்தில் உளிக்கலப்பையை விட்டால் அது வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும், மண் உடையாது. காசு கொடுத்து அடிமண்ணை உடைத்துவிட்டு, அடுத்த மாதமே ஈரத்தில் டிரெய்லரை ஏற்றுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன சொல்வது!

டெல்டாப் பகுதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நெல் வயலில் அடியில் கொஞ்சம் இறுக்கம் இருப்பது நீர் தேங்க உதவும், ஆகவே சேற்றுழவைக் குறை சொல்லவில்லை. கஷ்டம் அதற்குப் பின்னால் வருகிறது. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு நிற்கும் பயிரிலேயே உளுந்தும் பச்சைப் பயறும் தெளிப்பது உங்கள் வழக்கம். கையறுப்புக் காலத்தில் அது சரியாக வந்தது. இப்போது முளைத்த பயறின் மேல் அறுவடை இயந்திரம் ஏறுகிறது. இயந்திரம் திரும்புகிற இடத்தில் முளை மட்டுமா போகிறது, பள்ளம் விழுந்து நீர் நின்று, அந்தத் திட்டு முழுக்கச் சொட்டை விழுகிறது. இதற்குச் செய்ய வேண்டியது என்ன? அறுவடைக்குப் பத்து நாள் முன்பே நீரை வடித்துவிடுங்கள். வயல் ஈரம் என்றால் டயர் வண்டிக்குப் பதில் செயின் வண்டி கேளுங்கள், வாடகை கூடுதல்தான், ஆனால் பாரம் அகலமாகப் பரவும். நெல்லை இறக்கிக்கொள்ள டிராக்டர் டிரெய்லர் இயந்திரத்தின் பின்னாலேயே வயலுக்குள் ஓட வேண்டாம். வயலோரம் ஓரிடத்தில் நிற்கட்டும், இயந்திரம் அங்கே வந்து கொட்டட்டும். பயறு தெளிக்கும் நாளை இயந்திரம் வரும் நாளோடு பொருத்திக்கொள்வது எப்படி என்று உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். இயந்திரக்காரர் நேரம் சொல்லிவிட்டு மூன்று நாள் கழித்து வருவார், அது எனக்கும் தெரியும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கொஞ்சம் நின்று கேளுங்கள்.

வண்டி சேற்றில் மாட்டிக்கொள்கிறது. பின்சக்கரம் சுழலுகிறது. உடனே ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துகிறார். நகராமல் சுழலுகிற சக்கரம் வெறும் பள்ளம் தோண்டுகிற இயந்திரம்தான். ஐந்து நிமிஷத்தில் அச்சு தரையில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் யோசனை சொல்வார். "ஒரு கட்டையைக் கொண்டாந்து சக்கரத்தோட சேத்துக் கட்டுப்பா, ஏறிடும்." தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். எஞ்சின் சக்கரத்தைத் திருகப் பார்க்கிறது. கட்டை மண்ணில் முட்டிக்கொண்டு சக்கரத்தைத் திரும்பவிடாமல் நிறுத்திவிட்டால், அந்தத் திருகு வேறு எங்கே போகும்? அச்சைச் சுற்றி டிராக்டரின் உடம்பையே தூக்கும். முன்சக்கரம் எழும்பும், வண்டி குதிரை போல் நிமிரும், ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். எல்லாம் ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும். அடுப்பங்கரையில் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவிக்குச் செய்தி போகிற மாதிரி ஆகிவிடும்.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது இது. சக்கரம் ஒரு சுற்று சும்மா சுழன்றதுமே நிறுத்துங்கள். டிரெய்லரை அல்லது கலப்பையைக் கழற்றிவிடுங்கள். இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் மண்ணைச் சரிவாக வெட்டிவிடுங்கள். வைக்கோல், தென்னை மட்டை, சோளத்தட்டை எது கிடைக்கிறதோ அதைச் சரிவில் போடுங்கள். வந்த வழியே பின்னோக்கி, தாழ்ந்த கியரில், மெதுவாக வெளியே வாருங்கள். பின்னோக்கி வரும்போது முன்சக்கரம் எழும்பும் பயம் கிடையாது. டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் நேராகப் போகும்போது மட்டும் போடுங்கள், திருப்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள். இதற்கும் வராவிட்டால் இன்னொரு டிராக்டரை வைத்து இழுக்கலாம். இழுக்கிற வண்டியில் சங்கிலியை டிராபாரில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் மேல் துளையில் மாட்டினால் அந்த வண்டியும் நிமிர்ந்துகொள்ளும். சங்கிலி விறைத்து நிற்கும்போது பக்கத்தில் ஓர் ஆள்கூட நிற்கக்கூடாது, அறுந்தால் சாட்டை மாதிரி வீசும்.

வரப்பையோ வாய்க்காலையோ தாண்டும்போது கோணலாக ஏறாதீர்கள். நேர் குறுக்காக, மெதுவாக ஏறி மெதுவாக இறங்குங்கள். செங்குத்தான மேட்டில் ஏறியே ஆக வேண்டும் என்றால் பின்னோக்கி ஏற்றுங்கள். இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொண்டியை வயலில் எடுத்துவிட்டால், சாலைக்கு வருமுன் மறக்காமல் போட்டுவிடுங்கள். மட்கார்டு மேல் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டுவது நம் நாட்டில் ஒரு செல்லம். அந்தச் செல்லம் வேண்டாம்.

கேஜ் வீலைப் பற்றி ஒரே வரி. அதைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஓட்டுகிறவரின் ஊர்ச் சாலைதான் முதலில் குழியாகிறது.

இப்போது ஏரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்பது கணக்கு. ஏரியின் உயிர் கரையில் பாதி, வரத்துக்காலில் பாதி. கரை உடைந்தால் ஊரே ஓடிவரும். வரத்துக்கால் தூர்ந்தால் யாரும் ஓடிவர மாட்டார்கள், ஏனென்றால் அது மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கிறது. டிப்பரும் டிராக்டரும் வரத்துக்காலைக் குறுக்கே கடக்கும்போது இரண்டு பக்க மண்கரையும் சரிந்து விழுகிறது. கோடை முழுக்க வண்டி போனால் அந்த இடம் சப்பையாகிவிடும். ஐப்பசியில் நீர் வரும்போது அங்கே வந்து நின்று யோசிக்கும், பிறகு பள்ளமான பக்கமாகத் திரும்பிப் பக்கத்துக் கொல்லைக்குள் போய்விடும். ஏரி நிரம்பாததற்கு மழையைத் திட்டுவோம். ஆகவே வரத்துக்காலைக் கடக்க ஒரே ஓர் இடம் வையுங்கள், குறுக்காகக் கடங்கள், அடியில் சிமெண்ட் குழாய் போட்டு மேலே மண் நிரப்பிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் குழாயை எடுத்துவிட்டுக் கரையைப் பழையபடி கட்டிவிடுங்கள். குழாய் அப்படியே கிடந்தால், மழைக்காலத்தில் செத்தை அடைத்து அதுவே அணையாகிவிடும்.

வண்டல் மண் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும் திட்டம் 2017-ல் பெரிய அளவில் நடந்தது. 2024-ல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கும்படி நடைமுறையை எளிதாக்கினார்கள். நல்ல காரியம். வண்டல் நிலத்துக்கு வருகிறது, ஏரியும் ஆழமாகிறது. ஆனால் அனுமதிச் சீட்டு மண் எடுப்பதற்குத்தான், கரையை வெட்டி வழி செய்வதற்கு அல்ல. கரைமேல் வண்டி ஏறி ஏறி ஓரிடம் ஒரு முழம் தாழ்ந்துவிட்டது என்று வையுங்கள், நிறைந்த ஏரி முதலில் வழிவது அந்த இடத்தில்தான். கலங்கல் வழியாகப் போக வேண்டிய நீர் கரையை அறுத்துக்கொண்டு போகும். கரைச்சரிவில் மோட்டார் சைக்கிளை விட்டு ஏற்றி விளையாடும் பையன்களையும் கண்டியுங்கள். நேர் கீழாக விழுந்த சக்கரத் தடம் முதல் மழையிலேயே ஓடை ஆகும். சரிவான நிலத்தில் எங்கே தடம் விழுந்தாலும் கதை இதுதான். தடம் மழைநீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிடுகிறது.

கோடையில் ஏரி உள்வாய் காய்ந்து கிடக்கும்போது, சும்மா கிடக்கிற இடம்தானே என்று ஜீப்பிலும் பைக்கிலும் பந்தயம் விடுகிறார்கள். சும்மா கிடக்கவில்லை. ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் நான்கு கற்களைப் போல் முட்டை வைத்திருக்கும். கூடு என்று ஒன்று கட்டாது. ஒரு குழிவும் சில கூழாங்கற்களும்தான். இந்தக் குருவி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், நீங்கள் அதன் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். வண்டியை நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்புங்கள். கௌதாரியும் வானம்பாடியும் தரையிலேதான் கூடு வைக்கின்றன. இவை நம் வயலின் புழுவையும் பூச்சியையும் தின்கிற பறவைகள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிப்பாதை அகலமாகிக்கொண்டே போகிற கூத்தையும் பார்த்திருப்பீர்கள். பாதையில் ஒரு குட்டை. முதல் வண்டி அதை ஒதுங்கிப் போகிறது. ஒதுங்கிய இடமும் சேறாகிறது. அடுத்த வண்டி இன்னும் ஒதுங்குகிறது. பத்தடிப் பாதை சில வருஷங்களில் முப்பதடி ஆகி, ஒரு பக்கம் மேய்ச்சல் தரையும் மறுபக்கம் ஒருவருடைய கொல்லை ஓரமும் போய்விடும். அப்புறம் வேலி, வாய்ச்சண்டை, போலீஸ் ஸ்டேஷன். இதற்கு மருந்து, குட்டையின் நீர் வடிய ஒரு சிறு கால் வெட்டுவதும், நான்கு டிரெய்லர் சரளை கொட்டுவதும்தான். ஒதுங்கிப் போகாமல் பாதையின் நடுவிலேயே மெதுவாகப் போய்ப் பழகுங்கள். போகுமுன் இறங்கி, ஒரு கம்பால் ஆழம் பாருங்கள். அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போக வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். படல் சாத்தியிருந்தால் திறந்து, போன பிறகு சாத்திவிடுங்கள்.

மலைப்பக்கம் உள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறுகிறார்கள். கல்லும் குழியுமான பாதைதான், ஆனால் அது ஒரு பாதை. அதில் போவதில் குற்றமில்லை, ஜீப் ஓட்டும் குடும்பங்களுக்கு அது பிழைப்பு. படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டுப் புல்வெளியில் ஏற்றச் சொல்லும் பயணிகள் வருவார்கள். "கூட நூறு ரூபாய் தர்றேன்" என்பார்கள். அந்த நூறு ரூபாய் வேண்டாம். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியிலுள்ள புல்வெளி மண் பஞ்சு மாதிரி மழையைப் பிடித்துவைத்து, மெதுவாக ஓடைகளுக்கு விடுகிறது. குன்றுகளுக்கு நடுவே உள்ள சதுப்பில் ஒரு ஜீப் போனால், தடத்தின் வழியாக நீர் வடிந்து அந்தச் சதுப்பு காய ஆரம்பிக்கும். பவானி ஆறு நீலகிரியில் பிறந்து, பவானிசாகர் வழியாகக் கீழ்பவானிப் பாசனத்தில் சுமார் 2 லட்சம் ஏக்கருக்குப் போகிறது. மேலே ஒரு தடம் விழுந்ததும் கோபியில் வயல் காய்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கோடையில் ஆற்றில் கொஞ்சமாவது நீர் ஓடுவது இப்படிப்பட்ட ஈரத்தால்தான் என்று சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி கொண்டுபோவது சட்டப்படியும் குற்றம்.

நெருப்பையும் மறக்கக்கூடாது. ஓடி வந்த வண்டியின் சைலன்சர் சூடு பல நூறு டிகிரி. காய்ந்த புல்லின் மேலோ வைக்கோலின் மேலோ அப்படியே நிறுத்தினால் பற்றிக்கொள்ளும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அங்கே வண்டி காரணமல்ல. ஆனால் காய்ந்த புல்லில் பிடித்த தீ, மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேட்டில் ஏறும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அறுவடை இயந்திரத்திலும் டிராக்டரிலும் சைலன்சரைச் சுற்றிச் சேரும் வைக்கோல் தூசியைத் தினமும் தட்டிவிடுங்கள். வண்டியில் ஒரு கேன் தண்ணீரும் இரண்டு சாக்கும் இருக்கட்டும்.

கடலோர விவசாயிகளும் மீனவ நண்பர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டின் மேல் வண்டி ஏற வேண்டாம். மணலைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கொடிதான். கொடி அறுந்தால் மணல் காற்றோடு உங்கள் கிணற்றுக்கும் சவுக்குக் கன்றுக்கும் வரும். தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமை இரவில் கரையேறி மணலில் நூறு முட்டைக்கு மேல் இடுகிறது. ஏறக்குறைய 45, 50 நாளில் குஞ்சு வெளிவந்து கடலை நோக்கி ஊரும். நாலு அங்குல ஆழச் சக்கரத் தடம் அந்தக் குஞ்சுக்குத் தாண்ட முடியாத அகழி. அதற்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து, விடிந்ததும் காகத்துக்கு இரையாகும். அந்த மாதங்களில் படகு இழுக்கும் டிராக்டர் ஒரே வழியில் போய்வரட்டும், தடத்தைப் பலகையால் இழுத்துச் சமப்படுத்திவிடுங்கள்.

வண்டி எதையாவது கெடுத்துவிட்டுப் போவது ஒருபுறம். எதையாவது கொண்டுவந்து போட்டுவிட்டும் போகிறது. 1950-களில் புனே பக்கம் முதலில் கண்டறிந்த பார்த்தீனியம் இன்று நம் ஊர்ச் சந்து வரை வந்திருக்கிறது. டயர் சேற்றில் ஒட்டிய விதைக்கு அதில் பங்கு உண்டு. அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் களைநெல் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் பிரயாணம் செய்கிறது. இயந்திரம் உங்கள் வயலில் இறங்குமுன் காலியாக ஓடவிட்டு, வரப்போரம் தார்ப்பாய் விரித்துத் தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. ஏரியில், வாய்க்காலில் இறக்கி வண்டி கழுவாதீர்கள். மாற்றிய எஞ்சின் ஆயிலை மண்ணில் ஊற்றாமல் டின்னில் பிடித்து வையுங்கள், பழைய ஆயில் வாங்குகிறவர் வருவார்.

கடைசியாக, வீட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் பையனோ பெண்ணோ இருந்தால் இப்படி ஒரு பாடம் வையுங்கள். வயலின் ஒரு மூலையில் இரண்டு கீற்று நிலத்தை முளையடித்துக் குறியுங்கள். மண் காய்ந்து பதமாக இருக்கும்போது ஒரு கீற்றில் ஒரு நடை ஓட்டச் சொல்லுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் மற்றக் கீற்றில் அதே வண்டியை அதே ஒரு நடை ஓட்டச் சொல்லுங்கள். பிறகு விரல் பருமனில் பாதி கனமுள்ள நீளக் கம்பியை இரண்டு கீற்றிலும் அவர்கள் கையாலேயே குத்திப் பார்க்கட்டும். எந்த ஆழத்தில் கம்பி நிற்கிறது என்று சுண்ணாம்பால் குறித்துவைக்கட்டும். இரண்டு கீற்றையும் ஒரே மாதிரி உழுது, மக்காச்சோளமோ துவரையோ விதையுங்கள். நாற்பதாம் நாள் இரண்டு கீற்றிலிருந்தும் ஐந்தைந்து செடிகளைப் பக்கத்தில் தோண்டி, வேர் அறாமல் எடுத்து, மண்ணை நீரில் அலசிவிட்டுத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தச் செடி எந்தக் கீற்று என்று நீங்கள் சொல்ல வேண்டாம், பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.